நெய்தல் வேலியும் பூம்பாறைச் சோலையும்

சங்கச் செய்யுட்களில் வரும் கருப்பொருள் பற்றி இன்று இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. புன்னையும் தாழையும் கண்டலும் தலைவியின் இரங்கலுக்கு அழகு செய்ய வந்த பின்புலமே என்பர் ஒரு சாரார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய பின்னர், கடற்கரைக் காப்பின் அறிவியலைப் பண்டைப் புலவர் முன்னரே உரைத்துவிட்டனர் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பாட்டை முற்றும் நோக்காமையால் எழுந்தவை என்பது நம் கருத்து. ‘வேலி’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம். ஆராய்ச்சி நெய்தற் கரையில் தொடங்கி, அக்கரைக்கு நீர் வரும் வழியே சென்று, பழனிமலைப் பூம்பாறையில் முடியும்.

கண்டலை வேலியென வழங்குதல் ஒருமுறை மட்டும் வந்த புனைவன்று. நற்றிணை 74ஆம் பாட்டில் ஊருக்கும், 207ஆம் பாட்டில் கழி சூழ்ந்த தோட்டத்திற்கும் கண்டல் வேலியாகின்றது. குறுந்தொகை 245ஆம் பாட்டிலோ, வாள் போலும் விளிம்புடைய தாழை, வேல்களை வரிசையாக நட்டாற்போல நின்று வேலியாகின்றது. இவற்றுள் இரு பாட்டுகளில் வேலியோடு வேறொன்றும் உடன் வருதல் நோக்கத்தக்கது. குறுந்தொகைத் தலைவி, தன் நலம் இழந்ததனினும் தலைவன் கொடுமை பலரறியப் பரவுதலே மிக்க துன்பம் என்கின்றாள். நற்றிணை 74இன் தலைவி, ஊர் தன்னை அவனுக்கு உரியவளென அறிந்துவிட்டது, இனி அதனை மாற்றுதல் அரிது என்கின்றாள். புறத்தே இருந்து வருவதை மறிக்க வேலி உண்டு. ஊரார் வாயிற் பரவுவதை மறிக்க வேலி இல்லை. இம்முரணே அப்பாட்டுகளுக்கு உயிர். வேலி மெய்யாகவே காப்பதொன்றாய் இல்லையேல் இம்முரண் பிறவாது. பாட்டும் வெற்றுரையாய் முடியும்.

உள்ளுறை உவமம், தெய்வம் ஒழிந்த ஏனைக் கருப்பொருளை இடமாகக் கொண்டு பிறக்கும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. கருப்பொருள் வெறும் அணியாயின் அவ்விதிக்கு நிலைக்களன் இல்லை. நற்றிணை 172ஆம் பாட்டும் இதற்குத் துணை நிற்கும். மகளிர் விளையாடி மணலில் அழுத்தி மறந்த புன்னை விதை முளைத்து, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கப்பெற்று, தலைவிக்கு உடன்பிறந்தாள் என்னும் உறவு பெறுகின்றது. கரையில் நின்ற மரம் மக்கள் கைபட்டு வளர்ந்தது என்பதும், அதனை இழத்தல் உறவை இழத்தலாகும் என்பதும் இதனாற் புலனாகும். ஆதலின் முதற்சாரார் கொள்கை பொருந்தாது.

இனி மற்றைச் சாரார் கொள்கையை நோக்குவோம். அவ்வேலி எதனைத் தடுத்தது என்று புலவர் யாண்டும் விளக்கிற்றிலர். புகார் நகரைக் கடல் கொண்டமைக்கு மணிமேகலை கூறும் காரணம் இந்திர விழா மறந்தமை. மரம் அழிந்தமை அன்று. ஆகவே பாட்டில் இல்லாத அறிவியலைப் பாட்டின்மேல் ஏற்றுதல் தகாது. ஆயினும் கரைவாழ் மக்கள் அறிவு சொல்லில் தங்கியுள்ளது. முத்துப்பேட்டையில் இக்காட்டினை ‘அலையாத்தி’ என வழங்குவர். அலையை ஆற்றுவது என்பது அதன் பொருளெனக் கொள்வர்.

அச்சொல் பொய்யன்று. நெருங்கிய தண்டும் வேரும் அலையின் விசையை உராய்ந்து குறைக்கும். வண்டலைப் பற்றி நிறுத்திக் கரையை உயர்த்தும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சற்றேறக்குறைய 1,100 எக்டேர் பரப்பில் விளங்கும் பிச்சாவரக் காட்டை ஒட்டிய கரையில், மரங்களின் பின்னிருந்த ஊர்கள் குறைந்த அழிவே எய்தின என 2005இல் வெளிவந்த ஆய்வுகள் கூறின. அவற்றுள் ஒன்று பரங்கிப்பேட்டைக் கரையில் 18 சிற்றூர்களை ஆராய்ந்தது. அதன் புள்ளிகளை மீண்டும் கணித்த வேறு அறிஞர், ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே பெரிதும் காத்தன என 2006இல் மறுத்தனர். 2018 நவம்பர் 16இல் வீசிய கஜா புயலோ முத்துப்பேட்டைக் காட்டையே பெரிதும் முறித்தது. வேலி மதில் ஆகாது என்பதே இவற்றின் தெளிவு. நாள்தோறும் வரும் அலையையும் அளவான பெருக்கையும் அது ஆற்றும். எல்லை கடந்த பேரலைக்கு முன் உயர்ந்த இடமும் தொலைவும் முன்னறிவிப்பும் உடன் வேண்டும். புலவரும் ‘வேலி’ என்றே கூறி அமைந்தனர்.

வேலி தானே நிற்பதன்று. பிச்சாவரத்தில் முற்காலத்து மொத்தமாக வெட்டிய இடங்கள் பள்ளமாகி, நீர் தேங்கி, உப்பு மிகுந்து, மரம் மீளாதொழிந்தன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வாய்க்கால் வெட்டி ஓதநீர் சென்று மீள வழி செய்த பின்னரே ஆங்குக் கண்டல் தழைத்தது. ஓதநீரோடு ஆற்றின் நன்னீரும் வண்டலும் அதற்கு வேண்டும். அவை மலையிலிருந்து வருவன.

பழனிமலையின் வடசரிவு நீர் அமராவதி வழியே காவிரியைச் சேரும். தென்சரிவு நீர் வையையைச் சேரும். கோடைக்கானலுக்கு மேற்கே, படிப்படியாய் இறங்கும் பூண்டு வயல்களும் குழந்தை வேலப்பர் கோயிலும் உடைய பூம்பாறை, அம்மேல்மலைச் சிற்றூர்களுள் ஒன்று. பள்ளத்தில் சோலையும் மேட்டில் புல்லும் அமைதல் அம்மலைக்கு இயல்பு. பெய்த மழையை மண்ணுள் வாங்கிச் சிறிது சிறிதாய் ஓடையில் விடுதல் அவற்றின் தொழில். சென்ற நூற்றாண்டில் அப்புல்வெளிகளின் பெரும்பகுதி வாட்டில், பைன், தைலமரத் தோட்டங்களாயிற்று. தைலமரம் நீர்வரத்தைக் குறைத்தலை நீலமலையில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. எஞ்சிய நீரின் வண்டலையோ இடையில் எழுந்த அணைகள் தேக்கிக்கொள்கின்றன. 2013இல் கோடைக்கானல் வனவிலங்குப் புகலிடம் அமைந்தமை மலைக்குச் செய்த காப்பு மட்டும் அன்று. தொலைவிலுள்ள நெய்தற் கரைக்கும் செய்த காப்பெனக் கொள்ளல் தகும். தொல்காப்பியர் மலைநிலத்தைச் சேயோனுக்கும் மணல்நிலத்தை வருணனுக்கும் உரிமையாக்கினார். எனினும் இரண்டனையும் ஒரே நூற்பாவில் வைத்தே உரைத்தார்.

இவ்வாராய்ச்சியின் பயன் யாதெனின், பதிப்பாளரும் உரையாசிரியரும் செய்யவேண்டுவது ஒன்றுண்டு. கண்டல் என்பதற்கு ‘ஒருவகை மரம்’ என்று குறிப்பெழுதி அமைதல் போதாது. அது நிற்கும் சேறு, அதனைப் புகுந்து மீளும் ஓதம், அதன் பின்னிருக்கும் ஊர் ஆகியவற்றையும் உரை கூறல் வேண்டும். இன்று கரையூர்கள் பலவற்றில் மாணவன் காண்பது கருங்கல் தடுப்பே. கண்டலைக் கண்டறியாதவனுக்கு நற்றிணைத் தலைவியின் துயரில் பாதி விளங்காது. வேலி அழிந்தால் ஊர் மட்டும் அன்று, பாட்டும் காப்பிழக்கும்.