எண்ணாமலே அறியும் எண்

கீழ்பென்னாத்தூர்க் கடைத்தெருவில் எலுமிச்சம்பழத்தைக் கூறு கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஒரு கூறில் 8, மற்றொன்றில் 16. எது அதிகம் என்று எண்ணாமலே சொல்லிவிடுவீர்கள். ஆறு மாதக் குழந்தைக்கும் இது தெரியும்! எட்டுப் புள்ளிகளையே திரும்பத் திரும்பக் காட்டினால் அதற்குச் சலித்துவிடுகிறது. பதினாறைக் காட்டியதும் கூர்ந்து பார்க்கிறது. ஆனால் 8க்கும் 12க்கும் உள்ள வேறுபாடு அவ்வயதில் பிடிபடுவதில்லை. வளர வளர இவ்வுணர்வு கூர்மையடைகிறது, ஆயினும் துல்லியமாவதில்லை. நமக்கும் 20ஐயும் 21ஐயும் பார்வையால் மட்டும் பிரித்தறிவது அரிது.

பிரெஞ்சு அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹான் 1997இல் வெளியிட்ட ‘தி நம்பர் சென்ஸ்’ என்னும் நூல், இவ்வுணர்வே கணிதத்தின் வித்து என்கிறது. குழந்தைகளையும் விலங்குகளையும் பற்றிய பகுதிகள் சுவையானவை. பள்ளிக் கணக்கை இவ்வுணர்வின்மேல் கட்டலாம் என்னும் பகுதிதான் நமக்கு இடிக்கிறது.

ஏன் தெரியுமா? தில்லியில் ஏறத்தாழ ஐந்து வயதுள்ள 1,540 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. அவர்களுள் ஒரு பிரிவினர் நான்கு மாதம் அளவறி விளையாட்டுகள் ஆடினர். அவர்களது எண்ணுணர்வு மேம்பட்டது. ஓராண்டுக்குப் பிறகும் அது நிலைத்தது. பள்ளிக் கணக்கிலோ நிலைத்த பயன் இல்லை.

‘எட்டு’ என்ற சொல்லும் ‘8’ என்ற குறியும் உணர்வோடு தாமாக ஒட்டிக்கொள்வதில்லை போலும். இருபது ஆண்டு முந்திய நூலை இதற்காகக் கடிந்துகொள்வது முறையன்று. ஆனால் இதைப் படிக்கும் ஆசிரியர்கள் அப்பகுதிக்கு வரும்போது தில்லி முடிவையும் அருகில் வைத்துக்கொள்ளட்டும்.