பெயரின் வாலில் ஓர் 20

அசெம்பிளி மொழி கற்பவரின் முதல் ப்ரோக்ராம் பெரும்பாலும் மிகச் சிறியது. கருப்புக் கன்சோல் திரையில் ஒரு வரியை அச்சிட்டு முடிந்துவிடும். ஆனால் அதை பில்ட் செய்யும்போது நாலைந்து எர்ரர்கள் வரிசையாக வந்து நிற்கும். பலரும் அவற்றை அப்படியே காப்பி செய்து இணையத்தில் தேடப் போய்விடுகிறார்கள். போகுமுன் அந்த வரிகளை நிதானமாக ஒருமுறை படியுங்கள் என்பதே என் வேண்டுகோள். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு நேர்மையாக எழுதப்படும் வாக்கியங்கள் கணினி உலகில் குறைவு.

விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் மாஸ்ம் அசெம்பிளரைக் கொண்டு 32 பிட் ப்ரோக்ராம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பேசுவது யார் என்று முதலில் பாருங்கள். எர்ரர் எண்ணுக்கு முன்னால் 'ஏ' இருந்தால் பேசுவது அசெம்பிளர். 'எல்என்கே' இருந்தால் லிங்கர். அசெம்பிளர் உங்கள் கோப்பைப் படித்து, ஒவ்வொரு வரியையும் இயந்திரக் குறியீடாக்கி, ஆப்ஜெக்ட் கோப்பில் வைக்கிறது. வெளியிலிருந்து வரவேண்டிய ஃபங்ஷன் உண்மையில் எங்காவது இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இருக்கிறது என்று நீங்கள் அறிவித்தால் நம்பிக்கொள்ளும். அதைச் சரிபார்ப்பது லிங்கர். ஆகவே 'ஏ' போய் 'எல்என்கே' வந்திருந்தால் சோர்ந்துபோக வேண்டாம்; உங்கள் வரிகள் அத்தனையும் அசெம்பிளரிடம் தேறிவிட்டன.

அசெம்பிளர் சொல்பவற்றில் எனக்குப் பிடித்தது ஏ2022. 'மூவ் ஈஏஎக்ஸ், பிஎல்' என்று எழுதினால் இது வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்கிறது செய்தி. ஈஏஎக்ஸ் 32 பிட் ரெஜிஸ்டர், பிஎல் 8 பிட். அசெம்பிளர் வீண் கண்டிப்புக் காட்டுவதாகத் தோன்றலாம். ஆனால் அப்படியொரு மூவ் கட்டளை ப்ராசஸரிலேயே கிடையாது. மிச்சமுள்ள 24 பிட்டுகளில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதுபவர்தான் சொல்லவேண்டும்: பூஜ்யத்தால் நிரப்ப மூவ்இசட்எக்ஸ், கழித்தல் குறியைக் காப்பாற்ற மூவ்எஸ்எக்ஸ். சி மொழியில் கம்பைலர் சத்தமில்லாமல் எடுத்துவிடும் முடிவு இது. இங்கே நம்மிடம் கேட்கிறார்கள். அந்த மரியாதைக்காகவே அசெம்பிளி கற்கலாம்.

ரசிக்க வேண்டியதில் பெரும்பகுதி லிங்கரிடம் இருக்கிறது. எல்என்கே2019, ஒரு பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை என்கிறது. கன்சோலில் எழுதும் விண்டோஸ் ஃபங்ஷன் கிடைக்காவிட்டால் வரும் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்: _ரைட்கன்சோல்ஏ@20. முன்னால் ஒரு அடிக்கோடு, பின்னால் @20. நீங்கள் இவற்றை எழுதவே இல்லை. 'எஸ்டிடிகால்' முறையில் அழைப்பதாக அறிவித்ததால் அசெம்பிளர் சேர்த்தவை. 20 என்பது அந்த ஃபங்ஷனுக்கு ஸ்டாக்கில் அனுப்பும் மொத்த பைட்டுகள்: ஐந்து மதிப்புகள், ஒவ்வொன்றும் 4 பைட். ப்ரோக்ராமை முடித்துவைக்கும் எக்ஸிட்ப்ராசஸுக்கு ஒரே மதிப்பு, ஆகவே @4. எஸ்டிடிகாலில் வேலை முடிந்ததும் ஸ்டாக்கைச் சுத்தம் செய்வது அழைக்கப்பட்ட ஃபங்ஷனே. நீங்கள் 16 பைட் வைத்து, அது 20 பைட் எடுத்தால் ஸ்டாக் குலைந்து, ப்ரோக்ராம் சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில் விழும். வாலில் உள்ள எண் பொருந்தாவிட்டால் லிங்கர் இணைக்கவே மறுப்பதால் அந்த விபத்து முன்பே தடுக்கப்படுகிறது.

நடுவில் இருக்கும் 'ஏ'வும் கவனிக்கத்தக்கது. விண்டோஸின் கெர்னல்32 லைப்ரரியில் ரைட்கன்சோல் என்ற பெயரில் எதுவும் இல்லை. ஏ, டபிள்யூ என்று முடியும் இரண்டுதான் உண்டு. சி மொழிக்காரர்களுக்கு விண்டோஸ் ஹெடர் கோப்பு இந்த எழுத்தைத் தானே ஒட்டிக்கொடுக்கும். அசெம்பிளியில் நீங்களே எழுதவேண்டும்.

இன்னொரு விசித்திரம். கடைசி வரியில் 'எண்ட் மெயின்' என்பதற்குப் பதில் வெறும் 'எண்ட்' எழுதிவிட்டால், _மெயின்சிஆர்டிஸ்டார்ட்அப் கிடைக்கவில்லை என்று லிங்கர் சொல்லக்கூடும். சி மொழியில் ஒரு வரிகூட எழுதாதவரிடம் சி மொழியின் தொடக்க ஃபங்ஷனைக் கேட்கிறது! ப்ரோக்ராம் எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் சொல்லாததால், கன்சோல் ப்ரோக்ராம்களுக்கு வழக்கமான தொடக்கத்தைத் தேடியிருக்கிறது, அவ்வளவுதான். நாம் சொல்லாமல் விடும் இடங்களில் எந்த வழக்கம் வந்து உட்காருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டியதில்லை என்பேன்.

64 பிட்டுக்கு வந்தால் இந்த வால்கள் எல்லாம் மறைந்துவிடும். பெயர் வெறுமனே எக்ஸிட்ப்ராசஸ்தான். பழைய பாடத்திலிருந்து '.மாடல்' வரியை அப்படியே 64 பிட் அசெம்பிளரான எம்எல்64-க்குக் கொடுத்தால் ஏ2008 வரும். அந்த வரி அங்கே தேவையில்லை, நீக்கிவிடுங்கள்.

சரியாக ஓடும் ப்ரோக்ராம் ஒன்று கைக்கு வந்ததும் அதை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ரைட்கன்சோல்ஏ அறிவிப்பிலும் அழைப்பிலும் ஒரு மதிப்பைக் குறைத்துவிட்டு, பில்ட் செய்யுமுன் வரப்போகும் பெயரைத் தாளில் எழுதுங்கள். @16 என்று எழுதியிருந்தால் சரி. அதைத் திருத்தியபின் கமாண்ட் லைனிலிருந்து கெர்னல்32 லைப்ரரியைச் சேர்க்காமல் லிங்க் செய்யுங்கள். ப்ரோக்ராம் அழைக்கும் கெட்எஸ்டிடிஹேண்டில், ரைட்கன்சோல்ஏ, எக்ஸிட்ப்ராசஸ் மூன்றும் தத்தம் வால்களோடு வந்து நிற்கும். கீழே வரும் எல்என்கே1120 தனிப் பிழை அல்ல. மேலே கிடைக்காத பெயர்கள் மூன்று என்று எண்ணிச் சொல்கிறது.