தகட்டில் ஒரு துளை

இன்டெல் தன் முதல் அயல்நாட்டு ஆலையைப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் திறந்தது 1972இல். அன்றிலிருந்து பினாங்குத் தொழிலைப் பற்றிய பேச்சு சில்லுகளைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் சில்லைச் சோதிக்கும் கருவிக்கு ஒரு பெட்டி வேண்டும். பெட்டிக்கு அலுமினிய முகப்பு வேண்டும். முகப்பில் பொத்தானுக்கும் விளக்குக்கும் கம்பிவடத்துக்கும் துளைகள் வேண்டும். இரண்டு பெட்டி, ஐந்து பெட்டி என்று வரும் இந்தச் சில்லறை வேலை பினாங்குத் தீவிலும் பாலத்துக்கு அப்பால் பெருநிலத்துப் பிறையிலும் உள்ள சிறு பட்டறைகளுக்குத்தான் போகிறது. மரவேலைக்கென்று வந்த, கணினி நடத்தும் சிஎன்சி ரௌட்டர் அங்கே அலுமினியத்தையும் வெட்டுகிறது. அந்த வேலைக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று பார்க்க வேண்டும்.

முதலில் அதற்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடலாம். கோடு கிழித்து, புள்ளி தட்டி, கையால் துளையிட்ட முகப்பில் இருபது துளைகளும் வரிசை பிசகாமல் அமைவது அரிது. மெல்லிய தகட்டில் பெரிய துளையாணியை இறக்கினால், வட்டம் மூன்று மூலை வைத்துக்கொள்ளும். ரௌட்டரில் 4 மி.மீ. கட்டர் ஒன்றே சுருள்பாதையில் இறங்கி, 22 மி.மீ. பொத்தான் துளையையும் 16 மி.மீ. கம்பிவடத் துளையையும் வெட்டிவிடும். பஞ்ச் இயந்திரம் கேட்பதுபோல் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் அச்சு தேவையில்லை. வாடிக்கையாளர் மாலையில் படத்தை மாற்றினாலும் காலையில் புதுத் தகடு தயாராகும். எண்களைக் கொண்டு இயந்திரத்தை நடத்தும் எண்ணமே துளைகளோடு தொடங்கியதுதான். ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைப் புள்ளிகளாகக் கணக்கிட்டு, அந்தப் புள்ளிகளில் துளையிடச் செய்தவர் ஜான் பார்சன்ஸ். அந்த எண்ணம் வளர்ந்து, 1952இல் எம்ஐடியில் ஓர் இயந்திரமாக ஓடிக் காட்டியது.

அலுமினியம் மென்மையானது, ஆகவே எளிது என்று நம்புவதில்தான் தொல்லை தொடங்குகிறது. கட்டர் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழல்கிறது. அதற்கு ஒரே வெட்டுப்பல். ஒவ்வொரு சுற்றிலும் 0.05 மி.மீ. உலோகத்தைச் சீவ வேண்டுமென்றால், நிமிடத்துக்கு 900 மி.மீ. வேகத்தில் அது நகர வேண்டும். புதிதாகப் பழகுபவர் பயந்து வேகத்தை 200க்குக் குறைப்பார். அப்போது பல் வெட்டாமல் தேய்க்கிறது. சூடு ஏறுகிறது, சீவல் கட்டரோடு ஒட்டிக்கொள்கிறது, கட்டர் முறிகிறது. 1100 வகை அலுமினியத் தகட்டில் இந்த ஒட்டல் இன்னும் மோசம். 6061 வகை சுத்தமாக வெட்டுப்படும். காற்றை ஊதிச் சீவலை விரட்டுவதும் சிறிது எண்ணெயை நுண்துளிகளாகத் தூவுவதும் பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும். அதைச் செய்யாமல் கட்டரை மாற்றிக்கொண்டே இருக்கும் பட்டறைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

சூட்டைவிடப் பெரிய குறை விறைப்பின்மை. கட்டரைத் தாங்கி நீண்ட பாலம்போல் நிற்கும் சட்டம், வெட்டும் விசைக்குச் சற்றே வளைந்து கொடுக்கிறது. அதனால் துளை சொன்ன அளவைவிடச் சிறுக்கிறது. கட்டரை நகர்த்தும் அச்சுகள் திசை மாறும் நான்கு இடங்களில் சிறு தழும்பு விழுகிறது. பொத்தான் துளைக்கு இது பொருட்டல்ல. அதைக் கால் மில்லிமீட்டர் பெரிதாகவே வெட்டலாம், பொத்தானின் வளையம் மறைத்துவிடும். சோதனையின்போது பொருளைப் பிடித்துவைக்கும் ஜிக்கின் இருப்பிடத்தை நிறுத்தும் 6 மி.மீ. ஊசித் துளை அப்படியல்ல. எச்7 என்னும் அளவு வரம்பில் அது 6.000க்கும் 6.012க்கும் இடையில் நிற்க வேண்டும். முகப்பு வெட்டிய அதே ரௌட்டரில், அதே நம்பிக்கையில், ஜிக் தகட்டையும் வெட்டிக்கொடுக்கும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. திரையில் 6.000 என்று இருப்பது கட்டளை. துளையை அளந்து பார்த்தால்தான் அளவு தெரியும்.

பினாங்கின் காற்றும் தன் பங்குக்குத் தொல்லை கொடுக்கிறது. தகட்டுக்கு அடியில் போடும் எம்டிஎஃப் பலகை ஈரம் குடித்து உப்புகிறது. நேற்றுச் சமமாகச் சீவிய மேசை இன்று சமமாக இல்லை. குளிரூட்டிய அறையிலிருந்து வந்த ஒரு மீட்டர் தகடு, பட்டறையின் பத்து டிகிரி கூடுதல் வெப்பத்தில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. காற்றோடு தொடர்பில்லாத இன்னோர் ஆபத்தும் உண்டு. துளையை வெட்டி முடிக்கும் கணத்தில் நடுவட்டம் விடுபட்டு, கட்டரில் சிக்கித் தெறிக்கும். ஆள் நிற்கும் பக்கம் தெறித்தால் கண் போகும். வட்டத்தைப் பிடித்துவைக்கும் இரண்டு மூன்று சிறு பாலங்களை விட்டு வெட்டி, பிறகு அரத்தால் தேய்த்தால் ஐந்து நிமிடம் கூடுதலாகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தக் கூடாது.

ஆகவே வேலையைத் துளைவாரியாகப் பிரிக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரிய துளைகளையும் நீள்சதுரச் சன்னல்களையும் ரௌட்டரிடம் விடலாம். சன்னலின் மூலைகள் கட்டரின் அரைவிட்டத்துக்கு வளைந்திருக்கும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். 3 மி.மீ. திருகுத் துளைகளை அதே இயந்திரத்தில் துளையாணியாலேயே போடலாம். 8,000 சுற்றில் அது நன்றாக வெட்டும். 10 மி.மீ. துளையாணி அந்த வேகத்தில் எரிந்துபோகும். ஊசித் துளைகளைச் சற்றுச் சிறிதாக விட்டு, மில்லிங் இயந்திரத்துக்கு அனுப்பி, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமரால் முடிக்க வேண்டும். விலைச்சீட்டிலேயே எந்தத் துளை எதில் முடிகிறது என்று எழுதினால், ரீமருக்கு ஏன் தனிக் கூலி என்று பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.