பாரமும் போராட்டமும்: வாலிபர் முகாம்களின் ‘விட்டுவிடுதல்’ குறித்து ஒரு திறனாய்வு

நமது திருச்சபைகள் நடத்தும் வாலிபர் முகாம்களில் இறுதி இரவு தனிச் சிறப்புடையது. திறந்த வெளியில் நெருப்பு மூட்டப்படுகிறது. அல்லது மரச் சிலுவை ஒன்று நாட்டப்படுகிறது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுத் தாள் கொடுக்கப்படுகிறது. தம்மை வாட்டும் பாவத்தையோ பயத்தையோ போராட்டத்தையோ அதில் எழுதி, நெருப்பில் இடும்படியோ சிலுவையில் ஆணியால் அறையும்படியோ இளைஞர் அழைக்கப்படுகின்றனர். பாடல் ஒலிக்கிறது, பலர் அழுகின்றனர். இனி அவை அவர்களுடையவை அல்ல, அவற்றை அவர்கள் விட்டுவிட்டனர் என்று செய்தியாளர் உறுதி கூறுகிறார். மறுநாள் காலையில் பேருந்துகள் புறப்படுகின்றன.

இப்பழக்கத்தை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. நாமும் இத்தகைய முகாம்களில் தாள்களைப் பங்கிட்டவர்களே. வீட்டிலோ பள்ளியிலோ வாய் திறந்து கூற இயலாத ஒன்றைக் கடவுளுக்கு முன்பாக எழுதி வைக்க ஓர் இளைஞனுக்கு இடம் கிடைப்பது சிறு காரியமன்று. எனினும், இரண்டாம் ஆண்டு முகாமுக்கு வந்திருந்த மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. “சென்ற ஆண்டு எழுதியதையே இவ்வாண்டும் எழுதினேன், ஐயா. நான் சரியாக விடவில்லையோ?” என்றான் அவன். தன் பாவத்தைக் குறித்த துயரத்துடன், அதை விடத் தெரியவில்லையே என்னும் புதிய குற்றவுணர்வையும் அவனுக்கு நாம் கொடுத்திருந்தோம். பாரத்தை இறக்கிவைக்க வந்தவன் கூடுதல் பாரத்துடன் வீடு திரும்பியிருந்தான். ஆகவே, இப்பழக்கத்திற்கு அடிப்படையான போதனையை ஆராய வேண்டிய கடமை நமக்கு உண்டு.

1. போதனையின் ஊற்று

போராட்டத்தை விட்டுவிடுதலே வெற்றிக்கு வழி என்னும் போதனை நம் காலத்தில் தோன்றியதன்று. 1875ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெசிக் என்னும் ஊரில், அவ்வூர்க் குருவானவரான ஹார்ஃபோர்டு-பேட்டர்ஸ்பியும், குவேக்கர் சபையைச் சேர்ந்த ராபர்ட் வில்சனும் ஒரு மாநாட்டைக் கூட்டினர். பின்னர் அது ஆண்டுதோறும் நடைபெற்று, உலகின் பல பகுதிகளிலும் செல்வாக்குப் பெற்றது. அதன் தொடக்ககாலப் போதனையைச் சுருங்கக் கூறின் இதுவாகும்: நாம் நீதிமான்களாக்கப்படுவது நம் முயற்சியாலன்று, விசுவாசத்தினாலேயே, அதுபோலவே, நாம் தூய்மையாக்கப்படுவதும் முயற்சியாலன்று, தம்மை முற்றிலும் ஒப்புவிக்கும் விசுவாசத்தினாலேயே.

இதற்கு மறுப்பு அன்றே எழுந்தது. பின்னாளில் லிவர்பூல் பேராயத்தின் முதற் பேராயரான ஜே. சி. ரைல், 1877இல் வெளியிட்டுப் பின் விரிவாக்கிய தூய வாழ்வு பற்றிய நூலில், திருமறை விசுவாசியைப் போர்வீரனாகவே காண்கிறது என்றும், உள்ளத்தில் நிகழும் போராட்டம் ஆன்மீக உயிரின் அடையாளம் என்றும் வாதிட்டார்.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய சான்று ஜே. ஐ. பேக்கருடைய இளமையாகும். 1944இல், தம் பதினெட்டாம் வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராகச் சேர்ந்த அவர் அவ்வாண்டிலேயே கிறிஸ்துவுக்குத் தம்மை அளித்தார். முழு ஒப்புவித்தலால் பாவத்தின் மீது வெற்றி கிட்டும் என்று அவருக்குப் போதிக்கப்பட்டது. அவர் மீண்டும் மீண்டும் தம்மை ஒப்புவித்தார்; வெற்றி வரவில்லை; தம் ஒப்புவித்தலில்தான் ஏதோ குறை என்று தம்மையே துருவி நொந்தார். பதினேழாம் நூற்றாண்டுப் பியூரிட்டன் அறிஞர் ஜான் ஓவன், விசுவாசியினுள் எஞ்சி நிற்கும் பாவத்தைப் பற்றியும் அதனை நாள்தோறும் அழித்தலைப் பற்றியும் எழுதியவை அவருக்கு விடுதலை அளித்தன. 1955இல் அவர் கெசிக் போதனையைக் கடுமையாகத் திறனாய்வு செய்து எழுதியதன் பின்னணி இதுவே. நம் முகாமுக்கு இருமுறை வந்த மாணவனும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவரும் கேட்டது ஒரே கேள்விதான்.

2. திருமறை கூறுவது யாது?

இம்முகாம்களில் பெரிதும் கையாளப்படும் பகுதி, கவலைகளையெல்லாம் கடவுள்மேல் வைத்துவிடும்படி கூறும் 1 பேதுரு 5:7 ஆகும். கிரேக்க மூலத்தில் இது தனித்து நிற்கும் கட்டளையன்று. முந்தைய வசனத்தில் உள்ள ‘தாழ்ந்திருங்கள்’ என்னும் ஏவலோடு இணைந்த எச்சமாகவே அது அமைந்துள்ளது. கவலையைக் கடவுள்மேல் வைத்தல், அவருடைய கரத்தின்கீழ் அடங்கியிருப்பதன் ஒரு வடிவம். மேலும், அடுத்த இரு வசனங்களும் விழித்திருக்கவும், எதிரியை எதிர்த்து நிற்கவும் பணிக்கின்றன. கவலையை வைத்துவிட்டவனே எதிர்த்து நிற்க அழைக்கப்படுகிறான். ஏழாம் வசனத்தை மட்டும் பிரித்தெடுத்து நெருப்பருகே வாசிப்பது, மருந்தின் பாதியை மட்டும் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

எபிரெயர் 12:1 இதனினும் தெளிவானது. பாரமான யாவற்றையும், சுற்றி நெருக்கும் பாவத்தையும் உதறிவிட்டு ஓடும்படி அது அழைக்கிறது. இங்கு ‘ஓட்டம்’ எனப்படுவதற்கு மூலத்தில் உள்ள சொல் ‘அகோன்’ என்பது. போட்டி, போராட்டம் என்பன அதன் பொருள். நான்காம் வசனம் பாவத்திற்கு எதிரான போராட்டத்தைக் குறிக்கையில் அச்சொல்லின் வேரிலிருந்து பிறந்த வினையையே ஆள்கிறது. எனவே, திருமறை விடச் சொல்வது பாரத்தை. விடாதிருக்கச் சொல்வது போராட்டத்தை. பாரத்தை இறக்குவதே போராட்டத்தைத் தொடர்வதற்காகத்தான். நம் முகாம்களின் போதனை இவ்விரண்டையும் ஒன்றாக்கி, இரண்டையும் ஒரே தாளில் எழுதச் செய்து, ஒரே நெருப்பில் இடச் செய்கிறது. அதன் அடிப்படைப் பிழை இதுவே.

யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபு பிடியை விட்டிருந்தால் ஆசி பெற்றிருக்கமாட்டான். பவுலின் முள் மும்முறை வேண்டியும் நீக்கப்படவில்லை. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது வேண்டுதலாகவே திருமறையில் இடம்பெற்றுள்ளது. 1539இல் தம் ஜெர்மன் நூல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் லுத்தர், ஜெபம், தியானம் ஆகியவற்றோடு சோதனையையும் இறையியலாளனை உருவாக்கும் மூன்றாவதாக வைத்தார். ஐயத்தோடும் ஆசையோடும் போராடும் பதினாறு வயதினரை விசுவாசத்தில் குறைந்தவர்களாகக் கருதும் நாம், இறையியல் கல்வியின் முதற் பாடத்தை அவர்கள் ஏற்கெனவே கற்கத் தொடங்கிவிட்டனர் என்பதைக் காணத் தவறுகிறோம்.

3. டோனாவூரின் சாட்சி

கெசிக்கின் மரபு முழுவதையும் நாம் தள்ளிவிடுகிறோம் என்று எவரும் எண்ணவேண்டா. அம்மரபு நம் நாட்டுக்கு அளித்த எமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்வே இதற்குச் சான்று. முன்னர்க் கூறிய ராபர்ட் வில்சனின் இல்லத்தில் மகளைப்போல் வாழ்ந்தவர் அவர். 1895இல் இந்தியா வந்து, பின்னர் திருநெல்வேலிப் பகுதியில் டோனாவூரில் பணியாற்றினார். முழு ஒப்புவித்தலைக் கற்ற அவர் போராட்டமற்ற வாழ்வை அடைந்தாரா? இல்லை. 1901 முதல், கோயில்களுக்கு அளிக்கப்படவிருந்த சிறுமியரைக் காக்கும் நெடும் போராட்டத்தில் இறங்கினார். 1931இல் விழுந்து காயமுற்றபின், 1951இல் மறையும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே வலியோடு வாழ்ந்தார். தம்மைப் பற்றிய கவலையை விட்டமையால், பிறர்க்கான போராட்டத்தை ஏற்க அவர் கைகள் வெறுமையாயிருந்தன. ஒப்புவித்தலின் மெய்யான கனி இதுவே.

4. எரிக்கலாகாத தாள்கள்

இக்கடைசிச் செய்தி நம்மை மிகக் கடுமையான ஒரு கேள்விக்கு இட்டுச் செல்கிறது. அத்தாள்களில் நம் பிள்ளைகள் எழுதுபவை அனைத்தும் அவர்களுடைய பாவங்களா? தேர்வில் தோற்றால் வீட்டில் முகம் காட்ட முடியாது என்னும் அச்சத்தை ஒருவன் எழுதுகிறான். ஆலயத்திலேயே தன் சாதியைச் சொல்லி ஒதுக்கப்பட்டதை ஒருத்தி எழுதுகிறாள். குடிக்கும் தந்தையை, வீட்டின் கடனை, வாழவே விருப்பமில்லாமையை எழுதுவோர் உண்டு. நெருங்கிய பெரியவர் ஒருவரால் தனக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையை எழுதும் பிள்ளையும் இருக்கக்கூடும். இவற்றை விட்டுவிடும்படி கூறுவது அருளின் நற்செய்தியன்று. அநீதி இழைத்தோருக்கு நாம் செய்யும் உதவியே ஆகும். அப்பிள்ளை முதன்முறையாக உண்மையை எழுதியபோது, அதனை வாசிக்காமலேயே சாம்பலாக்கிய கை நம்முடையதாகிவிடும்.

சட்டமும் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு எதிரான அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆயரும் இதற்கு விலக்கல்லர். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு முகாமிலும் பிள்ளைகள் காணும் இடத்தில் எழுதிவைத்தல், சிலுவை நாட்டுதலுக்குக் குறைந்த அருட்பணியன்று.

5. நாம் செய்யக்கூடியது

கலாத்தியர் ஆறாம் அதிகாரம் இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. இரண்டாம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. ஐந்தாம் வசனம் அவனவன் தன் சுமையைச் சுமப்பான் என்கிறது. மூலத்தில் இவை இரு வேறு சொற்கள். ஒருவனை நசுக்கும் பாரம் வேறு. அவனவன் பொறுப்பாகிய சுமை வேறு. ஆகவே, இளைஞர் கையில் தாளைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைப் பகுத்தறிய அவர்களுக்கு உதவுவோம். கடவுளிடம் இறக்கி வைக்கவேண்டியது எது? துணையோடு தொடர்ந்து போராட வேண்டியது எது? பிறர் இழைத்த தீங்காகையால் பெரியோரும் சபையும் ஏற்று நீதி தேடவேண்டியது எது? மன்னிக்கப்பட்ட பாவத்தின் குற்றவுணர்வும், நாளையைப் பற்றிய கவலையும் முதல் வகையின. அவற்றை எரிப்பதில் தடையில்லை. மற்ற இரண்டிற்கும் வேண்டுவது நெருப்பன்று. செவிமடுக்கும் ஓர் ஆள். முகாமுக்குப் பின்னும் மாதந்தோறும் சந்திக்கும் துணையில்லாத ஒப்புவித்தல், நடுவதோடு நிறுத்தி நீர் பாய்ச்சாத வேளாண்மையாகும்.

இதற்குப் புதிய சடங்கு எதனையும் நாம் தேடிச் செல்லவேண்டியதில்லை. நம் திருமுழுக்கு வழிபாட்டிலேயே தீமையைத் துறத்தலும், கிறிஸ்துவின் கொடியின்கீழ்ப் போராடுவதற்கான அழைப்பும் அருகருகே நிற்கின்றன. திடப்படுத்தலின்போது இளைஞர் புதுப்பிப்பது அவ்வுடன்படிக்கையையே. துறத்தல் ஒரு நாளிலே அறிக்கையிடப்படுகிறது. போராட்டமோ வாழ்நாளெல்லாம் நீடிக்கிறது. திடப்படுத்தல் வகுப்புகளில் மனப்பாடத்திற்கு அளிக்கும் நேரத்தில் ஒரு பகுதியை, ஐயங்களையும் தோல்விகளையும் அச்சமின்றிப் பேசுவதற்கு ஒதுக்குவோமாயின், முகாமின் இறுதி இரவு மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கும் பளு குறையும்.

அம்மாணவனுக்கு அன்று நாம் தகுந்த விடையளிக்கவில்லை. இன்று கேட்டால் இவ்வாறு கூறுவோம்: “தம்பி, நீ சரியாகத்தான் விட்டாய். அந்தப் பாவத்தின் தண்டனையைச் சிலுவை ஏற்றுக்கொண்டது. அது திரும்பி வராது. நீ இரண்டாம் முறையும் எழுதியது உன் தோல்வியன்று. நீ இன்னும் போராடுகிறாய் என்பதன் அடையாளம். வா, அடுத்த ஆண்டுவரை நாம் சேர்ந்து நடப்போம்.”