கையெழுத்து இல்லாத கோடுகள்: வீர. சந்தானம்

ஓவியன் செத்தால் தமிழ்நாட்டில் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று இரங்கல் கூட்டம். இன்னொன்று, செத்தவரை ஒரே அடையாளத்துக்குள் போட்டு மூடிவிடுவது. 2017 ஜூலை 13 அன்று இறந்துபோன ஓவியர் வீர. சந்தானத்துக்கும் அதுதான் நடந்தது. 'தமிழ்த்தேசிய ஓவியர்' என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். ஈழத்துக்காகத் தெருவில் இறங்கி நின்றவர் அவர் என்பது உண்மைதான். ஆனால் காஞ்சிபுரத்தை ஒட்டிய மாகறலில், தறிச் சத்தத்தில் வளர்ந்த ஒரு தலித்துக்கு வேறொரு சந்தானமும் தெரிகிறார். அவரைப் பற்றியும் பேசணும்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த அவர், நெடுங்காலம் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். கைத்தறிக்குப் புது டிசைன் செய்து தருவதற்காக 1950களில் தொடங்கிய அமைப்பு அது. ஆதிமூலமும் அங்கே இருந்தவர்தான். நம் விமர்சகர்கள் இதைப் பிழைப்புக்குப் பார்த்த உத்தியோகம் என்று ஒதுக்கிவிட்டு கான்வாஸைப் பற்றி மட்டும் பேசுவார்கள். எனக்கு அந்த உத்தியோகம்தான் முக்கியம். டிசைனர் போடுகிற பூ கட்டம் போட்ட தாளில் ஏறும், அட்டையில் துளையாகும், ஜக்கார்டு பெட்டி வழியாகத் தறியில் இறங்கும். கடைசியில் சேலையில் டிசைனர் பேரும் இருக்காது, நெய்தவர் பேரும் இருக்காது.

அதுக்கும் கீழே ஒரு கை உண்டு. கோர்வைச் சேலைக்கு உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடணும். நெய்கிறவருக்கு இருப்பது இரண்டே கை. அதனால் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளணும். அப்படி உட்கார்ந்தவன் நான். அம்மா வாங்கின முன்பணம் கழியறவரைக்கும் உட்கார்ந்தேன். "டேய், உன் கை நின்னா என் தறி நிக்கும்" என்பார் தறிக்காரர். அவரும் கடன்காரர்தான். காஞ்சிபுரத்துத் தறிகளில் பிள்ளைகள் கொத்தடிமையாக இருந்ததை, அதில் தலித் பிள்ளைகள் இருந்ததை, 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை பதிவு செய்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பட்டின் பேரைக் காக்கச் சட்டம் இருக்கு. நாடா தள்ளின கைக்கு எந்தக் குறியீடு?

ஆகவே டிசைனருக்கும் பேர் இல்லை, நமக்கும் பேர் இல்லை என்று நான் சமப்படுத்த மாட்டேன். அவருக்கு மாசச் சம்பளம் இருந்தது, நமக்குக் கடன் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடாத வேலையில் ஒரு ஓவியர் இத்தனை வருஷம் இருந்தார் என்பது கலை வரலாற்றில் எழுதப்படவேண்டிய சேதி.

இனி அவருடைய கோடு. தோற்பாவையிலிருந்து வந்த கோடு அது. உருவத்தைக் கத்தியால் வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். இதைத் 'தமிழ் மரபு' என்கிறார்கள். யாருடைய மரபு? பாவை ஆட்டுத்தோலில் ஆனது. தோலைத் தொட்டு வேலை செய்தவனை ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம், அந்தத் தோலில் விழுந்த கோட்டை மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் கும்பிடுகிறது. சந்தானத்தைப் பாராட்டுகிறவர்கள் இந்த இடத்தில் ஏன் வாயைத் திறப்பதில்லை?

தஞ்சாவூரில் முள்ளிவாய்க்கால் முற்றத்துக் கற்சிற்பங்கள் அவர் வரைந்த ஓவியங்களைக் கொண்டு செதுக்கப்பட்டவை. 2013 நவம்பரில் முற்றம் திறக்கப்பட்டது. சில நாளிலேயே அதன் சுற்றுச்சுவரை அரசு இடித்தது. அரசுக்குப் பிடிக்காத துக்கத்தைக் கல்லில் ஏற்றினார் என்பதற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் கேட்க ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. செத்தவர்களிடம் சாதி கேட்கலாமா என்பார்கள். நான் செத்தவர்களைக் கேட்கவில்லை, நினைவுகூர்கிறவர்களைக் கேட்கிறேன். அதே பழைய தஞ்சை மாவட்டத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். எரிந்தவர்களும் தமிழர், எரித்தவர்களும் தமிழர். அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியது மார்க்சிஸ்ட் கட்சி. 'இனம்' எழுப்பவில்லை. இதை ஒரு ஓவியர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஒரே உடம்பாகத் தமிழரை வரையச் சொல்கிற அரசியல்தான் இதற்குப் பதில் சொல்லணும்.

பாலுமகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989) படத்தில் அவர் நடித்ததைப் பலரும் எழுதிவிட்டார்கள். எழுதாத வேலை நிறைய பாக்கி. நெசவாளர் மையத்துக் கோப்புகளில் கிடக்கும் கட்டத்தாள்கள் யார் யார் போட்டவை, எந்த ஊர்த் தறியில் யார் நெய்தார்கள் என்று பேரோடு சேகரிக்கணும். மாணவத் தோழர்கள் இதை எடுத்துச் செய்யலாம். நாடா தள்ளினவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம், வந்து கேட்டால் சொல்வோம். நம் காலனிப் பிள்ளைகள் ஓவியக் கல்லூரிக்குப் போகணும். போனவர்கள் லீவுக்கு வரும்போது காலனிச் சுவரில் வெண்மணியை வரையணும், கீழே தங்கள் பேரையும் எழுதணும்.