பகடையின் கையில் காவியம்

2006 செப்டம்பரில் ஷேமஸ் யங் என்ற அமெரிக்க நிரலாளர் இணையத்தில் ஒரு படக்கதையைத் தொடங்கினார். அதற்காக அவர் ஒரு கோடுகூட வரையவில்லை. பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களிலிருந்து காட்சிகளை எடுத்துக் கட்டம் கட்டினார். அவற்றின்மேல் பேச்சுக் குமிழ்களை ஒட்டினார். ‘டிஎம் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற அந்தத் தொடர் ஓராண்டில் 144 பகுதிகளோடு முடிந்தது. திரைப்படக் காட்சியை வைத்தே படக்கதை செய்யும் ஒரு தனிவகைக்கு அதுவே வழிகாட்டியானது.

தொடரின் கற்பனை எளிமையானது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதிய டோல்கீனின் கதைகள் அறியப்படாத ஓர் உலகம். அங்கே ஒருவர் அக்கதைகள் நடக்கும் மத்திய பூமி முழுவதையும் தாமே உருவாக்கி, நண்பர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம் நடத்துகிறார். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட ஆட்டம் அது. டிஎம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் டன்ஜன் மாஸ்டர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று அறிவிப்பார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். குள்ளர்கள், எல்ஃப்கள், ஆர்க்குகள் என அந்த ஆட்டம் டோல்கீனிடம் பட்ட கடன் அதிகம். அவர் படைத்த குட்டையர் இனத்தின் ‘ஹாபிட்’ என்ற பெயரையே முதலில் எடுத்தாண்டு, உரிமையாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 1970களின் பிற்பகுதியில் ‘ஹாஃப்லிங்’ என்று மாற்றிக்கொண்டார்கள். யங் செய்தது, பேரனைப் பாட்டன் வீட்டுக்கே கூட்டிப்போய் அமளி பண்ணவிட்டதுபோல.

ஆட்டக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பது அதற்கு முன்பும் உண்டு. ஜாலி பிளாக்பர்னின் ‘நைட்ஸ் ஆஃப் த டின்னர் டேபிள்’ 1990 முதலே மேசையைச் சுற்றி நடக்கும் சண்டைகளைச் சித்திரித்தது. ரிச் பர்லூ 2003இல் தொடங்கிய ‘ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்’கில் குச்சி மனிதர்களாக வரையப்பட்ட வீரர்களுக்குத் தங்கள் உலகத்தின் ஆட்ட விதிகள் மனப்பாடம். முன்னதில் ஆட்டக்காரர்கள் மட்டும், பின்னதில் பாத்திரங்கள் மட்டும். யங் இருவரையும் ஒரே முகத்தில் ஏற்றினார். நாடிழந்த அரசனின் துயரம் தேங்கிய ஆரகார்ன் முகம். வாயில் வருவதோ ‘இவனைக் கொன்றால் என்ன கிடைக்கும்’ என்ற கணக்கு. நடிகர் தந்த கம்பீரம் குறையாமல் அப்படியே இருப்பதால்தான் அந்த அற்பத்தனம் சிரிக்கவைக்கிறது.

ஆனால் இந்தத் தொடர் ஆராயப்பட வேண்டியது அதன் விமரிசனக் கண்ணுக்காக. டிஎம் பல தலைமுறை வரலாற்றை எழுதிவைத்திருக்கிறார், கேட்கத்தான் ஆளில்லை. முடிவையும் முன்பே தீர்மானித்துவிட்டதால் ஆட்டக்காரர்களுக்கு எந்தத் தேர்வும் இல்லை. எப்பக்கம் திரும்பினாலும் அவர் போட்ட தண்டவாளத்தில்தான் ஓட வேண்டும். மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவாக ஆடுபவர் பாதியில் விலகிவிட, கதை ஆரகார்ன், லெகோலஸ், கிம்லி பக்கமே போய்விடுகிறது. டோல்கீன் கதையின் உயிர் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் நடக்கும் நடையில் இருக்கிறது: பசி, சுமை, எதிரியிடமும் காட்டும் இரக்கம், கையில் உள்ள வல்லமையைத் துறப்பது. இவற்றுக்குப் பகடையில் எண் இல்லை. ஆட்டத்தில் கழிந்துபோவது எதுவோ அதுவே இலக்கியம் என்பதை இந்தக் கேலி தன்னையறியாமல் காட்டிவிடுகிறது.

இத்தொடர் முடிந்த 2007 செப்டம்பரிலேயே, இதன் தூண்டுதலை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு ‘டார்த்ஸ் அண்ட் டிராய்ட்ஸ்’ தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டேவிட் மார்கன்-மார் தம் நண்பர்களோடு சேர்ந்து ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை அதே முறையில் மாற்றிக் கட்டினார். இங்கே நோக்கம் தலைகீழ். அந்த வரிசையில் ‘த ஃபேன்டம் மெனஸ்’ பலரும் குறைசொன்ன படம். அதன் ஓட்டைகளுக்கெல்லாம் இந்தக் குழு காரணம் கண்டுபிடித்தது. ரசிகர்கள் வெறுத்த ஜார் ஜார் என்ற பாத்திரம், ஆட்டத்தில் சேர்ந்துகொண்ட சிறுமி சாலியின் கற்பனை. ஆர்2-டி2 என்ற ரோபோவுக்குப் பேச்சு வராதது, பீட் என்ற கணக்குப்புலி வேறு திறன்களைக் கூடுதலாகப் பெறுவதற்காக ஏற்றுக்கொண்ட குறை. ஆட்டக்காரர்களுக்கிடையே நட்பும் பிணக்கும் வளர்ந்து, மேசைக்கு வெளியிலும் ஒரு முழுக்கதை உருவாகிறது. யங்கின் ஆட்டக்காரர்கள் வகைமாதிரிகளாக நின்றுவிட்டார்கள், இவர்கள் மனிதர்களாகிறார்கள்.

இவ்வகையின் எல்லைகளும் தெளிவானவை. மூலப்படத்தைப் பார்க்காதவருக்குப் பாதி நகைச்சுவை எட்டாது. காட்சியில் இல்லாத முகபாவத்தை எழுதுபவர் உண்டாக்க முடியாது. படங்களின் உரிமை ஸ்டுடியோக்களிடம் இருப்பதால் நூலாக்கி விற்கவும் வழியில்லை. ‘ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்’கைத் தாமே வரைந்த பர்லூ, 2012இல் பழைய தொகுதிகளை மறுபதிப்புச் செய்ய வாசகர்களிடமிருந்து பன்னிரண்டு லட்சம் டாலருக்கும் மேல் திரட்டினார். அந்த வாசல் காட்சிகளைக் கடன்வாங்கியவர்களுக்கு மூடியே இருக்கிறது.

யங் 2022இல் காலமானார். கதையழகில் ‘டார்த்ஸ் அண்ட் டிராய்ட்ஸ்’ அவர் தொடரை மிஞ்சிவிட்டது என்பதே என் மதிப்பீடு. ஆனால் நல்ல கதை வேறு, நல்ல ஆட்டம் வேறு என்று இரண்டையும் பிரித்துக் காட்டியதில் முன்னோடி அவர்தான். புதிதாக வாசிக்க வருபவர்கள் ஜாக்சனின் மூன்று படங்களையும் முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு யங், அதன்பின் மார்கன்-மார் குழு என்ற வரிசையில் படித்தால் இந்த வகை வளர்ந்த விதம் தானே புலப்படும்.