ஓரியூர்க் கடிதமும் ஒரு தாயும்

நாவல் எழுதிப் பழகியவனுக்கு ஒரு தொல்லை உண்டு. எந்த நூலைக் கையில் எடுத்தாலும் மனத்தின் போராட்டம் எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவான். மகான்களின் வரலாற்றைப் படிக்கும்போதும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. பக்தர்களுக்கு இது அபசாரமாகத் தோன்றலாம். ஆனால், தன் ஆசையை விட்டு ஆண்டவன் சித்தத்தை ஏற்றுக்கொண்டதாக ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, அவர் எதை விட்டார் என்று கேட்க வாசகனுக்கு உரிமை உண்டல்லவா?

அருளானந்தரின் வரலாறுகளைப் படித்தபோது இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

இராமநாதபுரம் சீமையில், பாம்பாற்றங்கரையில் இருக்கிறது ஓரியூர். லிஸ்பன் நகரில் பிரபு குடும்பத்தில் 1647-இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, அருளானந்தர் என்ற பெயரோடு மறவர் சீமையில் வேதம் போதித்தார். தடியத்தேவர் என்ற பெரிய இடத்து மனிதர் ஞானஸ்நானம் பெற்று, மனைவியரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவு. அவள் போய் முறையிட, கிழவன் சேதுபதியின் கோபம் போதகர்மேல் திரும்பியது. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டது.

அதற்கு முந்திய நாள், சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்து மையாக்கி, அவர் தம் சபையாருக்கு எழுதிய கடிதத்தை எல்லா வரலாறுகளும் சிகரமாக வைக்கின்றன. சாவை ஆவலோடு எதிர்பார்ப்பதாகவும், அதுவே தம் நெடுநாளைய வேண்டுதல் என்றும் அதில் அவர் சொல்கிறார். நெஞ்சை உலுக்கும் கடிதம்தான். அதன் தைரியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், ஆசைப்பட்டது கைக்கு வரும்போது அதை ஏற்றுக்கொள்வதைத் தியாகம் என்று சொல்லலாமா?

கெத்சமனே தோட்டத்தில் இயேசு செய்த ஜெபத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கட்டும் என்றுதான் அவர் முதலில் கேட்கிறார். அதன் பிறகே, தம் விருப்பம் அல்ல, தந்தையின் விருப்பமே நடக்கட்டும் என்கிறார். முதல் பாதியை நீக்கிவிட்டால் இரண்டாம் பாதிக்கு உயிர் இல்லை. வேண்டாம் என்று மனம் கதறிய பிறகு சொல்லும் 'ஆகட்டும்' ஒன்றுக்குத்தான் எடை உண்டு.

இந்தத் தராசில் நிறுத்தால், அருளானந்தரின் பெரிய பிரார்த்தனை ஓரியூரில் நடக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஏழு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. 1686-இல் இதே மறவர் சீமையில் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். சாவு வாசலில் வந்து நின்றது. ஆனால் சேதுபதி அவரை விடுதலை செய்துவிட்டார். வேண்டியது கிடைக்கவில்லை. அதோடும் போகவில்லை, இந்தச் சீமையையே விட்டு ஐரோப்பாவுக்குப் போய்வரும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. போனார். லிஸ்பனில் அவருடைய பால்யத் தோழர் இரண்டாம் பேதுரு அரசராக இருந்தார். அங்கேயே தங்கும்படி வற்புறுத்தினார்கள். மறுத்துவிட்டு 1690-இல் திரும்பி வந்தார். சாக விரும்பியவர், சாகாமல் கப்பலேறி, அரண்மனையில் உட்கார்ந்து மிஷன் விவகாரம் பேசிய அந்த ஆண்டுகள் அல்லவா கடினமானவை! வரலாற்றாசிரியர்களோ வாளை நோக்கி ஓடும் அவசரத்தில் அவற்றை நாலைந்து பக்கங்களில் தாண்டிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது அவருடைய தாயாரைப் பற்றியது.

அந்த அம்மாளின் கணவர் பிரேசிலில் உத்தியோகத்தில் இருந்தபோதே இறந்துவிட்டார். பிள்ளை சிறு வயதில் கடும் நோயில் விழுந்தபோது சவேரியாரை வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான். நேர்த்திக்கடனாக ஓராண்டு அவனுக்குச் சேசு சபையாரின் அங்கியை அணிவித்தார். அவன் வளர்ந்து, அதே அங்கியை நிரந்தரமாக அணிந்துகொண்டு, 1673-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அந்தத் தாயால் தாங்க முடியவில்லை. போப்பாண்டவரின் தூதர் வரைக்கும் போய் முறையிட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. மகனின் மரணச் செய்தி லிஸ்பனுக்கு எட்டியபோது அரண்மனையில் நன்றி வழிபாடு நடந்தது. துக்க உடை இல்லாமல், விழாக் கோலத்தில் அந்தத் தாய் அதில் கலந்துகொண்டார்.

முதல் பிரார்த்தனை பலித்தது. பலித்ததாலேயே பிள்ளை கைவிட்டுப் போனான். இரண்டாவது பலிக்கவே இல்லை. முறையிட்ட அதே பெண் எப்படி அந்த விழா உடையை எடுத்து உடுத்தினார்? மனம் கனிந்தா, அரசரின் விருப்பத்துக்கு இணங்கியா, அறையைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்த பிறகா? நான் படித்த வரலாறுகள் உடையைக் காட்டுகின்றன. அதற்குள் இருந்த நெஞ்சைத் தொடவில்லை. துக்கத்தை மறைத்தால்தான் ஆண்டவன் சித்தத்துக்கு மரியாதை என்று எழுதியவர்கள் நினைத்தார்கள் போலும். கெத்சமனே அப்படிச் சொல்லவில்லை.

1947-இல் அருளானந்தர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஓரியூரின் செம்மண்ணைப் பக்தர்கள் நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்பது சாவையல்ல. பிள்ளைக்குச் சுகம், வீட்டில் சமாதானம், கடலுக்குப் போனவன் கரை சேர வேண்டும் என்பவைதான். இதைச் சுயநலம் என்று இகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்கிறார்கள். கேட்டது கிடைக்காமல் போன வீட்டில், மறுநாள் விடிந்ததும் எழுந்து அடுப்பு மூட்டும் பெண் இரண்டாம் பாதியையும் சொல்லிவிடுகிறாள். அவளுக்கு நெருங்கிய உறவு புனிதரைவிட அவரைப் பெற்றவள்தான்.

புனிதரின் கதையை எழுதப் பலர் இருக்கிறார்கள். அந்தத் தாயின் கதையைத் தமிழில் ஒருவர் நாவலாக எழுத வேண்டும். எழுதுகிறவர், விழா உடையை அவர் கையில் எடுக்கும் அத்தியாயத்தில் தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.